நான்காம் வாயிலில் அறுபத்தொரு பேர்

கிராஜினா பெரியம்மா எங்கள் நகரத்துச் சாலைகள் அலுவலகத்தில் மனிதர்களை நடக்க வைக்கும் வேலை பார்க்கிறார். நிஜ மனிதர்களை அல்ல, கம்ப்யூட்டர் திரையில் ஊரும் புள்ளிகளை. ஒரு டிராம் நிறுத்தத்தையோ சந்தையையோ கால்பந்து மைதானத்தையோ முதலில் கோடுகளாக வரைவார். பிறகு அதற்கு வாசல்கள் வைப்பார். வாசலின் மேல் அழுத்தினால் ஒரு சின்னப் படிவம் திறக்கும். அகலம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திறக்கும், ஒரு ஆள் கடக்க எத்தனை நொடி ஆகும், வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்த வாசலுக்கு வருவார்கள் என்று அது கேட்கும். எல்லாவற்றையும் நிரப்பி ஓடவிட்டால் புள்ளிகள் நடக்க ஆரம்பிக்கும். தாராளமாக நடக்கிற இடம் பச்சை, நெருக்கம் வந்தால் மஞ்சள், மூச்சு முட்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் வாசலை அகலப்படுத்தச் சொல்லி அறிக்கை எழுதுவார்.

அவர் என் பெரியப்பாவின் மனைவி. பெரியப்பா இறந்தபின் தனியாக இருந்தார். எங்கள் சிற்றூரில் மேல்நிலைப் பள்ளி இல்லாததால் கடைசி மூன்று வருடம் நான் அவர் வீட்டில் தங்கிப் படித்தேன். மே மாதம் பரீட்சை முடிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் இதை எழுதிவிட நினைக்கிறேன். ஏனென்றால் க்ளோனோவா தெருக் கல்லறைத் தோட்டத்தின் நான்காம் வாயிலை மூடியது அவர்தான் என்று அந்தப் பக்கத்துக் கடைகளில் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் எப்படி மூடினார், அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்பது அவர்களுக்குத் தெரியாது.

கல்லறைத் தோட்டத்துக்கு நான்கு வாயில்கள் இருந்தன. பெரிய வாசல் டிராம் பாதைக்கு எதிரே. இரண்டாவதும் மூன்றாவதும் பூக்கடைகள் இருக்கும் பக்கம். நான்காவது பின்சுவரில் இருந்த ஒற்றை ஆள் நுழையும் இரும்புக் கதவு. அதற்கு நேர் எதிரே சுரங்கத் தொழிலாளர்களுக்காக முன்பு கட்டிய சிவப்புச் செங்கல் வீடுகளின் வரிசை. அந்த வரிசையில் பெரியம்மாவின் அப்பா அலோய்ஸி பித்லிக் குடியிருந்தார். எண்பத்தாறு வயது. நாற்பது வருடம் சுரங்கத்தின் விளக்கறையில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிக்கொண்டு போவான். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு வில்லையை வாங்கிக்கொள்வான். அவருடைய மனைவி ஹில்டா ஆறு வருடங்களுக்கு முன் இறந்து, அந்தச் சுவருக்குப் பின்னால் பழைய பகுதியில் புதைக்கப்பட்டிருந்தார். அவர் வீட்டு வாசலிலிருந்து கதவுக்கு நாற்பது அடி, கதவிலிருந்து கல்லறைக்கு அறுபது அடி.

எங்கள் பக்கம் பூமிக்கு அடியில் நிலக்கரி எடுத்து எடுத்து நிலம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் அந்தப் பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. இடித்துக் கட்ட வேண்டும் என்று முடிவானது. மறுபடி கட்டும்போது அந்த வாயில் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி. வேண்டுமென்றால் சட்டப்படி படி, சரிவுப் பாதை, கைப்பிடி எல்லாம் வைக்க வேண்டும். கூட்டம் மிக அதிகமான நாளில் மற்ற மூன்று வாயில்கள் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும்படி பெரியம்மாவைக் கேட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அதிகமான நாள் எது என்று எங்கள் நாட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். நவம்பர் ஒன்றாம் தேதி, அனைத்துப் புனிதர் திருநாள். அன்று சமைத்து வைத்துவிட்டு ஊரே செவ்வந்தித் தொட்டியும் கண்ணாடிக் கூண்டு விளக்கும் தூக்கிக்கொண்டு இறந்தவர்களிடம் போகும். பெரியம்மா நான்கு வாயில்களிலும் கல்லூரிப் பிள்ளைகளை எண்ணும் கருவியோடு நிறுத்தினார். நிறுத்திவிட்டு, அப்பாவைக் கூட்டிப்போகக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன்.

"தொட்டியைப் பின்னாடி வைங்கப்பா. மடியில வெச்சா கோட்டெல்லாம் மண்ணாயிடும்."

"மண்ணு என்ன எனக்குப் புதுசா? எதுக்கு இந்தக் கார்? கதவு எதிர்த்தாப்பலதானே இருக்கு."

"இன்னிக்கு ஒரு நாளாவது நல்லவிதமா பெரிய வாசல் வழியா போவோம். கிஸெலா அத்தை, அவங்க பிள்ளைங்க எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க."

"கிஸெலா புதுத் தொப்பி போட்டிருப்பா. அதைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லணும். அதுக்குத்தானே?"

"சொல்லுங்களேன். வாய் தேஞ்சா போகும்?"

"போன வருஷம் சொன்னேன். இந்த வருஷமும் அதையே போட்டுட்டு வந்தா என்ன சொல்றது?"

பெரிய வாசலில் நாங்கள் நுழையும்போது எண்ணுகிற பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியம்மா அவன் தோளைத் தட்டி, "மூணு பேர் தம்பி, விட்டுடாதே" என்றார். அவன் மூன்று முறை அழுத்தினான்.

பிறகு இரண்டு வாரம் அவர் அந்த வாசல்களை அமைத்தார். அவ்வளவு கவனமாக அவர் வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை. தொட்டி தூக்கி வருகிறவருக்கு ஒன்றரை ஆள் இடம் கொடுத்தார். பெரிய வாசலில் மனிதர்கள் நுழைந்ததும் போய்விடுவதில்லை, உறவினர்களுக்காக நின்று கன்னத்தில் முத்தமிட்டு, யார் வரவில்லை என்று தலையெண்ணிவிட்டுத்தான் நகர்வார்கள். அதற்காக வாசலுக்குள் ஒரு காத்திருக்கும் இடம் வரைந்தார். விளக்குக் கடை இருக்கும் வாயிலில் ஆளுக்கு மூன்று நொடி கூட்டினார். நான்காம் வாயிலில் காலை முதல் இருட்டும்வரை வந்தவர்கள் அறுபத்தொரு பேர். அதன் நேரப் படிவத்தில் 'மூடியது' என்று குறித்து, அந்த அறுபத்தொரு பேரை மற்ற வாயில்களுக்குப் பிரித்து ஓடவிட்டார். எங்கும் சிவப்பு வரவில்லை. இரண்டாம் வாயிலில் பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். நான்காம் வாயில் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவைப் பற்றி அவர் யோசிக்காமல் இல்லை. "அப்பா ஞாயித்துக்கிழமைதான் அம்மாவைப் பாக்கப் போறார். அன்னிக்கு நானே கார்ல கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சாப்பிடும்போது சொன்னார். அப்படித்தான் நம்பியிருந்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு. வழக்கம்போல பெரியம்மாவின் அப்பா வீட்டுக்கு உருட்டு இறைச்சியும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் சிவப்பு முட்டைக்கோஸும் எடுத்துக்கொண்டு போனோம். அவர் ஜன்னலை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தார்.

"கதவுல காகிதம் ஒட்டியிருக்கான், பாத்தியா?"

"பாத்தேன்பா."

"மார்ச்ல மூடறானாம். யாரும் வர்றதில்லையாம். மொத்தமே அறுபத்தியோரு பேர்னு போட்டிருக்கான். எந்தக் குருடன் எண்ணினான்?"

"நவம்பர் ஒண்ணாம் தேதி எண்ணினதுப்பா. கூட்டம் ஜாஸ்தியான நாள்."

அவர் வந்து உட்கார்ந்தார். முள்கரண்டியை எடுத்துவிட்டு மறுபடி கீழே வைத்தார்.

"ஒண்ணாம் தேதி இந்தத் தெருவுல யாரு இருந்தா? யூட்டாவை அவ மகன் ஜெர்மனியிலேருந்து வந்து கார்ல ஏத்திட்டுப் போனான். மேல் வீட்டு கான்ராட்டை மருமக வந்து கூட்டிட்டுப் போனா. என்னை நீ கூட்டிட்டுப் போனே. எல்லாரும் பெரிய வாசல்லதான் போனோம். வருஷத்துல அந்த ஒரு நாள்தான் எங்களைக் கூட்டிட்டுப் போக ஆள் இருக்கு. அந்த நாளா பாத்து எண்ணியிருக்கான்."

பெரியம்மா கொழுக்கட்டைக் கரண்டியைப் பாத்திரத்திலேயே திரும்ப வைத்தார்.

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல இதோ இந்தக் கதவுதான்."

"நீங்க ஞாயித்துக்கிழமைதானே போவீங்க?"

"தினமும் போறேன்."

"தினமுமா? எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே. நான் போன் பண்ணி எடுக்கலைன்னா ரொட்டி வாங்கப் போயிருந்தேன்னுதானே சொல்வீங்க?"

"ஒத்தை ஆளு தினமும் எத்தனை ரொட்டிடி தின்பான்?"

கான்ராட் போவார், யூட்டா போவார், கடைசி வீட்டு இரட்டைச் சகோதரிகள் போவார்கள் என்று அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனார். பெரியம்மா எதையும் சாப்பிடவில்லை. எண்ண வைத்தது தான்தான் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. காரில் திரும்பும்போது, "மூணு பேர் தம்பி, விட்டுடாதேன்னு சொன்னேன்டா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

சுவர் வேலை தொடங்க எட்டு வாரம் இருந்தது. அதற்குள் தன் அறிக்கையைத் தானே தோற்கடித்துவிடலாம் என்று அவர் நினைத்தார். பிப்ரவரியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, எண்ணும் கருவியோடு அந்தக் கதவு தெரியும்படி தெருக்கோடியில் காரில் உட்கார்ந்தார். திங்கள் நாற்பத்து மூன்று பேர். செவ்வாய் முப்பத்தெட்டு. புதன் பனி கொட்டியும் இருபத்தொன்பது. தன் அப்பா பத்து மணிக்கு வெளியே வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, கதவைத் தாண்டிப் போவதையும், முக்கால் மணி கழித்துத் திரும்பி வருவதையும் தினமும் பார்த்தார். அவர் நடக்கும் வேகத்தைக் கூடக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொண்டார்.

பிறகு கம்ப்யூட்டரில் அந்தக் கல்லறைத் தோட்டத்தின் மாதிரியை மறுபடி திறந்தார். சிவப்புச் செங்கல் வரிசையிலிருந்து நாற்பது புள்ளிகளைப் புறப்பட வைத்தார். எல்லோருக்கும் தன் அப்பாவின் வேகத்தைக் கொடுத்தார். நான்காம் வாயிலை மூடினார். புள்ளிகள் சுவர் வரை வந்து, திரும்பி, சுவரோரமாகவே சுற்றி, மேட்டில் ஏறி, பெரிய வாசலில் நுழைந்து, கல்லறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்று கூடப் பாக்கியில்லை. முழுவதும் பச்சை. வேகத்தை இன்னும் குறைத்தார். அப்போதும் பச்சை. நாள் முழுக்க வரும் நாற்பது கிழவர்களால் எந்த இடத்திலும் நெரிசல் வராது. அந்த நிறங்கள் நெரிசலை மட்டும்தான் சொல்லும். வழியில் உட்கார்ந்துவிடுகிற ஆளுக்கும் பாதியில் வீட்டுக்குத் திரும்புகிற ஆளுக்கும் அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

அதையே எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் ரோமுவால்ட் ட்ஸிபிஸிடம் போனார். திரும்பி வந்து பெரியம்மா எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கிராஜினா மேடம், எல்லாம் பச்சையா இருக்கே. இதுல நான் எதைக் காட்டறது?"

"நேரத்தைப் பாருங்க சார். ரெண்டு நிமிஷம் இப்ப அம்பது நிமிஷம் ஆகுது."

"ஆனா போய்ச் சேர்ந்துடறாங்கல்ல?"

"திரையில சேர்ந்துடறாங்க. நிஜத்துல சேர மாட்டாங்க."

"திரை தப்புன்னா போன அறிக்கையும் தப்பாயிடுமே. அதுல யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான். தப்புன்னு எழுதித் தர்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். கெட்ட மனிதர் இல்லை. பெரியப்பா இறந்தபோது ஒரு மாதம் பெரியம்மாவின் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர்.

"எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். ஆனா துணை மேயர் கையெழுத்துப் போட்டாச்சு, செங்கலும் வந்து இறங்கியாச்சு. கூட்டமே இல்லாத ஒரு வாசலுக்காகப் படி, சரிவு, கைப்பிடின்னு திரும்ப வரையச் சொன்னா என்னைத்தான் பைத்தியம்னு சொல்லுவாங்க. அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"எங்கப்பா இருக்கார்."

"அதை மட்டும் கடிதத்துல எழுதிடாதீங்க" என்றாராம் அவர்.

பெரியம்மா மூன்று பக்கம் எழுதினார். கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஏப்ரலில் பதில் வந்தது. மார்ச் இருபதாம் தேதியே கொத்தனார்கள் வந்துவிட்டார்கள். கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றி, பழைய சுவரை இடித்து, இரண்டே வாரத்தில் அந்த இடத்தையும் சுவரோடு சுவராக்கிவிட்டார்கள். பித்லிக் தாத்தா ஜன்னலில் நின்று முழுவதையும் பார்த்தார். "நல்ல கைகாரனுங்க. நூல் பிடிச்ச மாதிரி கட்டியிருக்கானுங்க" என்றார்.

அதன்பிறகு பெரியம்மா தினமும் மதிய இடைவேளையில் போய் அப்பாவைக் காரில் ஏற்றிப் பெரிய வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து கல்லறைக்கு அறுநூறு மீட்டர், மேடு, நடுவில் படிகள். பழைய பகுதிக்குள் கார் போகாது. சக்கர நாற்காலிக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஹில்டா என்னை வண்டியில பாத்ததே இல்ல. பயந்துடுவா."

முதல் சில நாள் பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனார். அவர் கல்லறை முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். இரண்டு நிமிடம் ஆனதும், "போலாம்" என்பார்.

"அவ்வளவுதானாப்பா? முன்னல்லாம் முக்கால் மணி நேரம் இருப்பீங்களே?"

"முன்ன தனியா வருவேன். பேசிக்கிட்டிருப்பேன். நீ பக்கத்துல நின்னா எப்படிப் பேசறது? இது தினமும் நவம்பர் ஒண்ணாம் தேதி மாதிரி இருக்கு."

அதனால் பெரியம்மா வாசலில் நின்றுவிட்டு அவரைத் தனியாக அனுப்பினார். ஏப்ரலில் ஒருநாள் அவர் இருபது நிமிடத்திலேயே திரும்பி வந்துவிட்டார். "இன்னிக்கு மூணாவது பெஞ்சு வரைக்கும்தான் முடிஞ்சுது" என்றார். மே மாதத்தில் அது இரண்டாவது பெஞ்சு ஆனது. ஒருநாள் வாசலுக்குள் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பெரியம்மா காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போவார் என்று நினைத்தார். அவர் எழுந்து காரை நோக்கி வந்தார்.

"நாளைக்கு வேணாம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் நானும் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"அப்பா, அந்தக் கதவை மூடச் சொன்னது நான்தான்."

"எந்தக் கதவை?"

"நாலாம் நம்பர். எண்ணினது பசங்க. எண்ணச் சொன்னது நான். அறிக்கையில கையெழுத்தும் என்னோடது."

அவர் ஒரு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். அடுத்ததின் கயிற்றில் முடிச்சு விழுந்திருந்தது. அதை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று.

"வேலையை ஒழுங்கா செஞ்சியா?"

"அப்ப எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒழுங்காத்தான்பா செஞ்சேன்."

"அறுபத்தியோரு பேர்னா அறுபத்தியோரு பேர்தான். நானும் எங்கிட்ட வந்து விளக்கு வாங்கினவனைத்தான் எழுதுவேன். வராதவனை எப்படி எழுத முடியும்?" பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"நீங்களும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"ஆமா" என்றார் அவர்.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் பெரியம்மாவுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் கோபிக்கவில்லை. டீ போடட்டுமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் பெரியம்மா மதிய இடைவேளையில் தனியாகக் கல்லறைக்குப் போனார். போகும் வழியில் அப்பாவை எட்டிப் பார்ப்பார். முதல் நாளே அவர் ஒரு செய்தி கொடுத்து அனுப்பினார்.

"யூட்டாவோட பூனை குட்டி போட்டிருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடு. நாலு குட்டி. ஒண்ணு மட்டும் கறுப்பு."

அடுத்த நாள் கீழ் வீட்டுக்காரன் மறுபடி டிரம்பெட் ஊத ஆரம்பித்துவிட்டான் என்று சொல்லச் சொன்னார். அதற்கடுத்த நாள் இடது முட்டி பரவாயில்லை, வலதுதான் சரியில்லை என்று. ஒவ்வொன்றையும் பெரியம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனார். கல்லறை முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தார். போன பிறகும் வரவில்லை.

"ஒரு கல்லுகிட்ட போய்ப் பூனை குட்டி போட்டிருக்குன்னு எப்படிடா சொல்றது?" என்று வீட்டில் என்னிடம் கேட்டார். சிரிக்கப் பார்த்தார். "அவரால முடியுது. எனக்கு அம்மாகிட்ட உயிரோட இருந்தப்பவே அப்படிப் பேசி வழக்கமில்ல."

திரும்பி வரும்போதெல்லாம் அப்பா ஜன்னலில் இருப்பார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

ஒரு வாரம் இப்படியே போயிற்று. எட்டாவது நாள் நானும் கூட இருந்தேன். கான்ராட்டின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பது அன்றைய செய்தி. பெரியம்மா போய்விட்டு வந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"என்ன சொன்னா?"

பெரியம்மா கார் சாவியைக் கைப்பைக்குள் போட்டார், மறுபடி வெளியே எடுத்தார். தாத்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் சொல்லலைப்பா."

"அப்ப நீ சொல்லியிருக்க மாட்டே. கல்யாணச் சேதின்னா ஹில்டா ஏதாவது சொல்லுவா."

திட்டுகிற குரலே இல்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மறுநாள் அவர் புறப்படும்போது தாத்தா ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

"ஏதாவது சொல்லணுமாப்பா?"

"இல்லம்மா. நீ போயிட்டு வா."